ஒரு தபால்தலை கொடுத்த வாக்கு

(நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நூலகத்தார் என்னை அழைத்தபோது, மனதுக்கு நெருக்கமான எதைப் பற்றியும் பேசலாம் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. தபால் என்றேன். நாடு விட்டு நாடு போகும் தபால். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, ஒருவர் காசு இன்னொருவர் ஊரில் செல்லாது. அப்படிப்பட்ட நாடுகள் ஒன்றின் கடிதத்தை இன்னொன்று வாங்கி, உரியவர் வாசலில் சேர்க்கின்றன. இந்த ஏற்பாடு எப்படி வந்தது? எதை நம்பி நிற்கிறது? இன்று அதற்கு என்ன ஆபத்து? இந்த மூன்று கேள்விகளைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

இதோ, என் கையில் ஒரு நீலத் தாள். பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று உயர்த்திப் பிடிக்கிறேன். ஏரோகிராம். 1968-இல் மலேசியாவின் ஈப்போவிலிருந்து என் பெரியப்பா எழுதியது. அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஏரோகிராமில் தாளே உறை, உறையே தாள். எழுதி, மடித்து, ஓரங்களில் ஒட்டிவிட வேண்டும். பெரியப்பாவுக்கு இடம் போதாது. ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருப்பார். அவசரப்பட்டுக் கிழித்தால் ஒரு வரி போய்விடும். அதனால் அப்பா வயலிலிருந்து வரும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. அப்பா வந்து, கை கால் கழுவி, சவர பிளேடை எடுத்து, ஓரத்தில் விட்டு மெல்ல இழுப்பார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு தடவை படிப்பா" என்பார்.

சிறுவனாக இருந்த எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பெரியப்பா இந்தத் தாளைக் காசு கொடுத்து வாங்கினார். அந்தக் காசு மலேசியாவின் தபால்துறைக்குப் போயிற்று. ஆனால் வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்து, ஆற்றைக் கடந்து, எங்கள் தெருவுக்குக் கொண்டு வந்தவர் எங்கள் ஊர்த் தபால்காரர். மலேசியக் காசை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்படியானால் அவருக்குக் கூலி கொடுத்தது யார்? அப்பாவிடம் கேட்டேன். "கவர்மெண்டு கொடுக்கும்டா" என்றார். எந்தக் கவர்மெண்டு? அதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இன்று உங்களையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.

அன்பர்களே, முதலில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் போவோம். அன்று வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுவது பெரும்பாடு. ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். கடிதம் எந்த வழியாகப் போகிறதோ, அந்த வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிக் கட்டணம். ஒரு நாடு அவுன்சில் நிறுக்கும், இன்னொன்று கிராமில் நிறுக்கும். ஒன்றின் நாணயம் இன்னொன்றில் செல்லாது. கடிதத்தின் மேல் எண்களாகவே கிறுக்கியிருக்கும்: இது எங்களுக்கு, இது அவர்களுக்கு, மீதியை வாங்குபவர் தர வேண்டும் என்று.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1860-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அரை அவுன்ஸ் கடிதம் அனுப்ப ஆறு கட்டணங்கள் இருந்தன. 5 சென்ட், 33 சென்ட், 45 சென்ட், 55 சென்ட், 60 சென்ட், கடைசியாக 1 டாலர் 2 சென்ட். கடிதம் ஒன்று. எழுதியவர் ஒருவர். போகும் ஊரும் ஒன்று. வழி மாறினால் விலை இருபது மடங்கு! ஏழை ஒருவன் கடல் கடந்து போன தன் மகனுக்கு எழுத நினைத்தால் என்ன செய்வான்? எழுதாமல் இருந்துவிடுவான். எழுதப்படாமலே போன கடிதங்களுக்கு எந்த நாட்டிலும் கணக்கு இல்லை.

உள்நாட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு வழி கண்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் என்பவர் ஒரு திட்டம் கொடுத்தார். தூரத்தைப் பார்க்காதே, எடையை மட்டும் பார். வாங்குபவரிடம் கேட்காதே, அனுப்புபவரே முன்கூட்டிக் கொடுக்கட்டும். 1840-இல் ஒரு பென்னிக்கு நாடு முழுவதும் கடிதம் போயிற்று. அதற்காகப் பிறந்ததுதான் உலகின் முதல் ஒட்டுத் தபால்தலை, கறுப்பு நிறப் பென்னித் தலை. வாங்கிக்கொண்டேன், கொண்டு சேர்ப்பேன் என்று ஓர் அரசு கொடுக்கும் வாக்கு அது. ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அந்த வாக்கு செல்லாமல் போயிற்று. அதை எல்லைக்கு அப்பாலும் செல்லுபடியாக்க முடியுமா? இதுதான் அன்றைய கேள்வி.

முதலில் எழுந்தவர் அமெரிக்காவின் அஞ்சல் துறைத் தலைவர் மாண்ட்கோமரி பிளேர். காலத்தைக் கவனியுங்கள். 1863. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் கொழுந்துவிட்டு எரிகிறது. சொந்த நாடு இரண்டாகப் பிளந்து கிடக்கும் வேளையில், உலகத்துக் கடிதங்களை எப்படி ஒன்றிணைக்கலாம் என்று ஒரு மனிதர் யோசித்திருக்கிறார்! அவர் முயற்சியால் அந்த ஆண்டு பாரிஸில் 15 நாடுகள் கூடின. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. பொதுக் கொள்கைகளை மட்டும் பேசி வைத்துக் கலைந்தார்கள். விதை விழுந்துவிட்டது.

அதை முளைக்க வைத்தவர் ஜெர்மானியர் ஹைன்ரிஷ் ஃபான் ஸ்டெஃபான். இந்தப் பெயரை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1831-இல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். பதினேழாம் வயதில் தபால்துறையில் சேர்ந்தவர். அன்று ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. சிறியதும் பெரியதுமாகப் பல அரசுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தபால், ஒரு கட்டணம். 1850-இல் அவை ஆஸ்திரியாவோடு சேர்ந்து ஒரு தபால் கூட்டமைப்பு கண்டன. அது நடக்கும் விதத்தைத் துறைக்குள்ளிருந்தே பார்த்தவர் ஸ்டெஃபான். 'இத்தனை அரசுகளுக்குள் முடியுமென்றால் உலகத்துக்குள் ஏன் முடியாது?' என்று அவருக்குத் தோன்றியது. 1868-இல் திட்டம் வகுத்தார். குறுக்கே வந்தது போர். 1870-இல் பிரான்சும் ஜெர்மனியும் மோதிக்கொண்டன. பேச்சு நின்றது.

ஆனாலும் அவர் விடவில்லை. 1874 செப்டம்பர் 15. சுவிட்சர்லாந்தின் தலைநகர் பெர்ன். 22 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஐரோப்பிய நாடுகளோடு அமெரிக்காவும் எகிப்தும் துருக்கியும் வந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இரு நாட்டாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாதம்கூட நிறையவில்லை. அக்டோபர் 9 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அன்று பிறந்ததுதான் பொது அஞ்சல் ஒன்றியம். நான்கே ஆண்டுகளில், 1878-இல், உலக அஞ்சல் ஒன்றியம் என்று அதற்குப் பெயர் மாறியது.

அந்த ஒப்பந்தம் என்ன சொல்லிற்று? சுருக்கமாகச் சொல்கிறேன். உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து கடிதங்களைப் பொறுத்தவரை ஒரே நிலப்பரப்பு. கட்டணம் ஏறத்தாழ ஒன்றே. 15 கிராம் கடிதத்துக்கு அடிப்படை விலை 25 சென்டிம், அதாவது கால் பிராங்க். அடுத்த நாட்டுக் கடிதம் என் மண் வழியாகப் போனால் நான் தடுக்க மாட்டேன், என் சொந்தக் கடிதத்தைப் போலவே அனுப்பி வைப்பேன். நாடுகளுக்குள் வழக்கு வந்தால் நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்வோம். எல்லோர் செலவிலும் பெர்னில் ஒரு பொது அலுவலகம் வைப்போம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று. தபால்தலை விற்ற காசை விற்ற நாடே வைத்துக்கொள்ளும். கொண்டு சேர்க்கும் நாட்டுக்கு அதில் பங்கு கிடையாது!

சற்று நில்லுங்கள், நண்பர்களே. இது எப்படி நியாயம்? ஒருவன் காசு வாங்குவான், இன்னொருவன் சுமப்பானா?

நம் தெருவில் தீபாவளி அன்று நடப்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வரும். வாங்கியவர் தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்புவாரா? தன் வீட்டு அதிரசம் இரண்டை வைத்துத்தான் அனுப்புவார். அங்கிருந்து எத்தனை முறுக்கு வந்தது, இங்கிருந்து எத்தனை போயிற்று என்று யாராவது எண்ணுவார்களா? எண்ண ஆரம்பித்தால் அந்தத் தெருவில் அடுத்த தீபாவளிக்குத் தட்டு நடக்காது. பெர்னில் கூடியவர்கள் கண்டதும் இந்த உண்மையைத்தான். ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும். போனதற்கு உன் காசு, வந்ததற்கு என் காசு. உன் கடிதத்தை நான் சுமக்கிறேன், என் பதிலை நீ சுமந்துகொள். கணக்கு தானாகவே நேராகிவிடும். அதற்கென்று கணக்குப்பிள்ளை வேண்டாம், பேரேடு வேண்டாம், வட்டி வேண்டாம்.

என் சிறுவயதுக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எங்கள் தபால்காரருக்குக் கூலி கொடுத்தது மலேசியா இல்லை. மலேசியா 1968-இல் அவர் பொருட்டுச் சல்லிக்காசும் தரவில்லை. அவருக்குக் கூலி கொடுத்தது என் அப்பா. பெரியப்பாவுக்கு அப்பா எழுதிய பதில் கடிதங்களின் விலை முழுவதும் இந்தியத் தபால்துறைக்கு வந்தது. அந்தப் பதில்களை ரப்பர் மரங்களுக்கு ஊடே தோட்டத்துக் குடியிருப்பான லயம்வரை சுமந்தவர் நாங்கள் பெயர் அறியாத ஒரு மலேசியத் தபால்காரர். அவருக்குக் கூலி கொடுத்தது என் பெரியப்பா. பதில் எழுதுபவர்களின் நம்பிக்கையில்தான் இந்த உலக ஏற்பாடு நின்றது.

இந்தியா இந்த ஒன்றியத்தில் 1876 ஜூலை 1 அன்று சேர்ந்தது. அன்று ஆண்டது அந்நிய ஆட்சிதான். ஆனால் பயன் அடைந்தவர்களில் நம் ஏழை மக்களும் உண்டு. பிழைப்புக்காக மலேயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் கப்பல் ஏறிய தமிழர்கள் எத்தனை எத்தனை பேர்! அவர்களுக்கும் ஊருக்கும் இடையே இருந்த ஒரே நூலிழை தபால். கடிதம் எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதினார். இங்கே படிக்கத் தெரியாதவர் தபால்காரரிடமே படித்துக் காட்டச் சொன்னார். ஒன்றியம் 1878-இலேயே நாடுகளுக்கிடையே மணியார்டருக்கும் உடன்பாடு கண்டது. 1880-இல் பார்சலுக்கும் கண்டது.

நம் கண்ணுக்கெதிரே ஒரு சாட்சி இருக்கிறது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விட்டார்கள். சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல், அக்கரையில் தலைமன்னாரில் மறுபடி ரயில், கொழும்பு. மக்கள் அதற்கு வைத்த பெயர் என்ன? போட் மெயில்! பயணிகள் போன வண்டிதான். ஆனால் பெயர் தபாலின் பெயர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இன்று அங்கே போனால் மணலில் இடிந்து நிற்கும் சுவர்களைக் காட்டுவார்கள். இது கோயில், இது ரயில் நிலையம், இது தபால் நிலையம் என்பார்கள். அந்தத் தபால் நிலையச் சுவர் அருகே நான் நின்றிருக்கிறேன். கூரை இல்லை, கதவு இல்லை, சன்னல் இருந்த இடத்தில் கடல் தெரிகிறது. அந்தச் சன்னலுக்கு வெளியே தெரியும் கடலைத் தாண்டித்தானே இரு கரையின் கடிதங்களும் போய் வந்தன என்று நினைத்தபோது, என்னால் அங்கிருந்து சட்டென்று நகர முடியவில்லை.

பெரியோர்களே, பெரிய ஒப்பந்தங்கள் மாநாட்டு மண்டபங்களில் பிறக்கின்றன. ஆனால் அவை உயிர் வாழ்வது சின்னச் சின்ன விதிகளில். ஒன்றிரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வெளிநாட்டுக்குப் பதிவுத் தபால் அனுப்பினால் ரசீதில் ஓர் எண் தருவார்கள். மொத்தம் பதின்மூன்று இடம். முன்னால் இரண்டு எழுத்து, அது எந்த வகைத் தபால் என்பதைச் சொல்லும். நடுவில் ஒன்பது எண்கள். கடைசியில் இரண்டு எழுத்து, அனுப்பிய நாட்டின் அடையாளம். நம் நாட்டுக்கு 'ஐ', 'என்'. அந்த ஒன்பது எண்களில் முதல் எட்டுத்தான் தபாலின் எண். ஒன்பதாவது காவல்காரன். எப்படி? மாணவர்களே, என்னோடு கணக்குப் போடுங்கள். தபாலின் எண் 12345678 என்று வைத்துக்கொள்வோம். இதை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டுங்கள். 204 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றில் ஆறு போனால் 5. அந்த 5-தான் ஒன்பதாவது இடத்தில் உட்காரும். எங்கோ ஓர் ஊழியர் களைத்துப்போய் 3-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றித் தட்டிவிட்டார் என்று வையுங்கள். கூட்டல் 206 ஆகும், மீதி 8, காவல்காரன் 3 என்பான். ஆனால் சீட்டில் 5 இருக்கிறது. உடனே தவறு பிடிபடும். இதே கணக்குத்தான் டோக்கியோவில், இதே கணக்குத்தான் நைரோபியில், இதே கணக்குத்தான் நம் ஊர்த் தபால் நிலையத்தில். முன்பின் பார்க்காத இருவர் ஒரே வாய்ப்பாட்டைச் சொல்கிறார்கள் என்றால், அதைவிட அழகான உறவு வேறு என்ன இருக்கிறது?

இன்னொன்று. ஏழைத் தந்தை வெளிநாட்டிலிருக்கும் ஒருவருக்கு எழுதுகிறார். பதில் எழுத அவருக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் நம் தபால்தலையை உள்ளே வைத்து அனுப்பினால் அங்கே செல்லாதே? 1906-இல் ரோம் மாநாடு இதற்கு ஒரு வழி கண்டது. பதில் கூப்பன். அதை இங்கே வாங்கிக் கடிதத்தோடு அனுப்பலாம். அங்கே தபால் நிலையத்தில் கொடுத்தால் அந்த நாட்டுத் தபால்தலை கிடைக்கும். 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவன் இந்தக் கூப்பன்களை நாடு விட்டு நாடு வாங்கி விற்று 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொல்லி, புதிதாக வந்தவர் பணத்தை முன்பு வந்தவருக்குக் கொடுத்து ஏமாற்றினான். அன்று ஏமாந்தவர்கள் வடித்த கண்ணீருக்குக் கணக்கில்லை. இருந்தும் கூப்பனை உலகம் கைவிடவில்லை. நம்பிக்கையைத் திருடன் ஒருவன் பயன்படுத்திக்கொண்டான் என்பதற்காக, நம்பிக்கையையே விட்டுவிட முடியுமா?

இன்னும் இரண்டு விதிகளைச் சொல்லாமல் நகர மாட்டேன். போர்க்கைதி எழுதும் கடிதத்துக்கும், அவனுக்கு வரும் கடிதத்துக்கும் தபால் கட்டணம் கிடையாது. முதல் உலகப் போரில் இரு தரப்பிலும் சிறைப்பட்டவர்களின் கடிதங்களை நடுநிலை நாடான சுவிட்சர்லாந்து வாங்கி, எதிரி நாட்டு எல்லைவரை கொண்டு சேர்த்தது. கோடிக்கணக்கான கடிதங்கள், ஒரு காசு வாங்காமல்! பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. அதனூடே 'உயிரோடு இருக்கிறேன் அம்மா' என்று எழுதிய அட்டை எல்லை தாண்டிப் போயிற்று. இரண்டாவது விதி, 1952-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாடு எடுத்த முடிவு. பார்வையற்றோருக்கான புடைப்பெழுத்து நூல்களுக்குத் தபால் கட்டணம் இல்லை. விரலால் படிக்கும் புத்தகம் கனமாக இருக்கும், தடிமனாக இருக்கும். சாதாரணக் கணக்கில் அதற்குத்தான் அதிகம் கேட்க வேண்டும். உலகம் கூடி, ஒன்றும் வேண்டாம் என்றது. நாடுகள் கூடினால் சண்டைதான் என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு விதிகளையும் எடுத்துக் காட்டுங்கள்.

சரி, எல்லாம் சுகமாகத்தான் நடக்கிறதா? இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும்.

பலகாரத் தட்டுக் கணக்கு இரு வீடும் ஏறத்தாழச் சமமாக அனுப்பும்வரை சரி. ஒரு வீட்டிலிருந்து அண்டா அண்டாவாக வந்து, மறு வீட்டிலிருந்து ஒரு கிண்ணம்தான் போகிறது என்றால்? செல்வ நாடுகளிலிருந்து பத்திரிகைகளும் அச்சுப் பொருள்களும் மூட்டை மூட்டையாக வந்தன. ஏழை நாடுகளிலிருந்து போனது கொஞ்சம். சுமை மட்டும் ஏழையின் தோளில் ஏறிற்று. ஆகவே 1969-இல் டோக்கியோ மாநாட்டில் மொய் நோட்டைத் திறந்தார்கள். யாருக்கு அதிகம் வருகிறதோ, அவருக்கு அனுப்பிய நாடு ஈடு கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. 1971 முதல் அது நடப்புக்கு வந்தது. நியாயமான முடிவு. அதே டோக்கியோ மாநாட்டில்தான் நம் நாட்டுக் குழுவைச் சேர்ந்த ஆனந்த் மோகன் நருலா கொடுத்த முன்மொழிவால் அக்டோபர் 9 உலக அஞ்சல் நாள் ஆயிற்று. இந்தியர் ஒருவர் கொடுத்த நாளை இன்று உலகமே கொண்டாடுகிறது. இதில் நாம் பெருமைப்படலாம்.

ஆனால் மொய் நோட்டைத் திறந்தால் மனத்தாங்கலும் கூடவே வரும் என்பது நமக்குத் தெரியாததா? கடிதம் குறைந்தது. இணையக் கடைகளின் பொட்டலம் பெருகிற்று. வளரும் நாடு என்ற முறையில் சீனா கொடுக்க வேண்டிய ஈட்டுக்குக் குறைந்த விகிதம். அங்கிருந்து சிறு பொட்டலங்கள் அமெரிக்காவில் குவிந்தன. சொந்த நாட்டுக்குள் அனுப்பும் தங்களுக்கு அதைவிட அதிகம் செலவாகிறதே என்று அமெரிக்க வணிகர்கள் முறையிட்டார்கள். 2018 அக்டோபரில் ஒன்றியத்தை விட்டே விலகப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. 1863-இல் முதலில் குரல் கொடுத்த நாடு! 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் சிறப்பு மாநாடு கூடியது. இரண்டே நாள். நாடுகள் தங்களுக்கு வர வேண்டிய ஈட்டின் விகிதத்தைத் தாங்களே அறிவித்துக்கொள்ளும் உரிமையைப் படிப்படியாகத் தருவது என்று உடன்பாடு கண்டார்கள். அமெரிக்கா விலகவில்லை. உடையும் என்று உலகம் நினைத்தது பேச்சில் நிமிர்ந்தது.

பிறகு 2025 ஆகஸ்ட். வெளிநாட்டிலிருந்து வரும் 800 டாலருக்கு உட்பட்ட பொருள்களுக்கு இருந்த சுங்கத் தீர்வை விலக்கை அமெரிக்கா நிறுத்தியது. தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்று தபால்துறைகளுக்குத் தெளிவு கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. இந்தியாவும் சாத்தியது. 88 அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. அமெரிக்காவுக்குப் போகும் தபால் ஒரே வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மகளுக்குப் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டி எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போன தாய்மார்கள் திரும்பி வந்தார்கள். இந்த அவையிலும் அப்படித் திரும்பியவர்கள் இருப்பீர்கள். தீர்வையைக் கணக்கிட்டு முன்கூட்டியே செலுத்த ஒன்றியம் ஒரு வழிமுறையைத் தந்தது. அக்டோபர் நடுவில் நம் சேவை மீண்டும் தொடங்கிற்று.

இன்னொரு வேதனையும் உண்டு. 2019 ஆகஸ்டில் பாகிஸ்தான் நம் நாட்டுடன் தபால் பரிமாற்றத்தை நிறுத்தியது. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துத் தொடர்ந்தது. 2025 மே மாதத்தில் இந்தியா நிறுத்தியது. காரணங்களை வழக்காட நான் வரவில்லை, அவை கனமானவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அரசுகள் பேசாத காலத்திலும் அக்காள் தங்கைக்கு எழுதிக்கொண்டிருந்த வாசல் அது. அந்த வாசல் விரைவில் திறக்கட்டும் என்று விரும்புவதில் தவறு உண்டா?

நண்பர்களே, பெர்ன் நகரப் பூங்கா ஒன்றில் ஒரு சிலை இருக்கிறது. 1909-இல் திறந்தார்கள். ரெனே தெ சாங்-மார்சோ என்ற பிரெஞ்சுச் சிற்பியின் கைவண்ணம். நடுவில் பூமி உருண்டை. அதைச் சுற்றி ஐந்து பெண்கள், ஐந்து கண்டங்கள். ஒருத்தி கடிதத்தை நீட்டுகிறாள், அடுத்தவள் வாங்குகிறாள், அவள் இன்னொருத்திக்கு நீட்டுகிறாள். அந்த உருவம்தான் ஒன்றியத்தின் சின்னமும் ஆயிற்று. அந்தப் பெண்களில் ஒருத்தி, 'இது எனக்கு வந்த கடிதம் இல்லையே, நான் ஏன் வாங்க வேண்டும்?' என்று கையை மடக்கிக்கொண்டால் என்ன ஆகும்? வட்டம் அறுந்துபோகும். நின்றுபோவது அவள் ஒருத்தியின் கை மட்டும் இல்லை, எல்லோருடைய கடிதமும்தான்.

இன்று ஒன்றியத்தில் 192 நாடுகள் இருக்கின்றன. 1948 முதல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் சிறப்பு நிறுவனங்களில் ஒன்று. கைபேசிக் காலத்தில் தபால் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசிச் செய்தி எல்லை தாண்டும், மருந்து தாண்டுமா? மூலச் சான்றிதழ் தாண்டுமா? அம்மா கட்டிய பொட்டலம் தாண்டுமா? பெரிய தனியார் கூரியர்கள் லாபம் உள்ள ஊருக்குப் போவார்கள். லாபம் இல்லாத மலைக்கிராமத்துக்கும், கடைசித் தீவுக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்று கடமை ஏற்றவர் தபால்காரர். அந்தக் கடமையை உலகம் முழுவதற்குமாக எழுதி வைத்ததுதான் இந்த ஒன்றியம்.

மாணவச் செல்வங்களே, 9 வயதிலிருந்து 15 வயது வரையிலானவர்களுக்காக ஒன்றியம் 1971 முதல் ஆண்டுதோறும் கடிதப் போட்டி நடத்துகிறது. கலந்துகொள்ளுங்கள். பரிசு வரட்டும், வராமல் போகட்டும். வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறவினருக்கு உங்கள் கையால் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். தபால்தலையை நீங்களே வாங்கி ஒட்டுங்கள்.

பேச்சை முடிக்கும் முன் இந்த நீலத் தாளுக்குத் திரும்பி வருகிறேன். பெரியப்பா எழுதிய எத்தனையோ கடிதங்களுக்கு அப்பா பதில் எழுதினார். இந்த ஒன்றுக்கு மட்டும் எழுதவில்லை. அறுவடைக் காலம். வேலை முடியட்டும், நிதானமாக எழுதலாம் என்று கூரை எறவாணத்தில் செருகி வைத்தார். நெல் களத்தில் இருந்தபோதே ஈப்போவிலிருந்து தந்தி வந்துவிட்டது. அதன் பிறகு அப்பா இந்தத் தாளைத் தன் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். அவர் போன பிறகு என் கைக்கு வந்தது. சவர பிளேடு ஓடிய தடம் இன்னும் நேராக இருக்கிறது. ஒரு வரிகூடச் சேதமில்லை.

பதில் வரும் என்ற நம்பிக்கையில் 22 நாடுகள் கையெழுத்திட்டன என்று சொன்னேன். அந்தக் கணக்கில் எங்கள் வீடு இன்னும் ஒரு கடிதம் பாக்கி. ஆகவே இந்த அவையை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். உங்கள் வீட்டில் பதில் எழுதாத கடிதம் எதுவும் இருந்தால், இன்று இரவே எழுதிவிடுங்கள். கடைசி வரிசையில் காக்கி உடுப்போடு உட்கார்ந்திருக்கிறாரே, நம் ஊர்த் தபால்காரர், நாளைக் காலை அதை எடுத்துக்கொள்வார். மீதியை 192 நாடுகள் பார்த்துக்கொள்ளும்.